நிக்கல் முலாம் பூசிய பழைய ரிவால்வரும் நவமி பூஜையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் சரஸ்வதி பூஜையன்று காலையில் நடந்து செல்பவர் எவரும், தறியின் ஓசை அடங்கி, நாடாவும் தார்க்குச்சியும் கத்தரிக்கோலும் தராசும் ஒரு மணையின்மீது வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின்மீதும் சந்தனமும் குங்குமமும் துலங்க, ஊரின் உழைப்பு முழுவதும் அந்த ஒரு நாள் ஓய்ந்து வீற்றிருக்கும் காட்சியைக் காணாமல் கடந்து போக முடியாது. எங்கள் வீட்டு மணையில் இவற்றோடு இன்னொரு பொருளும் இடம் பெறும். பெங்களூரிலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து ஜரிகையும் தருவித்து வியாபாரம் செய்து, கையில் ரொக்கத்துடன் இரவு ரயிலில் பிரயாணம் செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் உடையவராயிருந்த என் பாட்டனார், சர்க்காரிடம் முறைப்படி லைசென்ஸ் பெற்று வைத்திருந்த ரிவால்வர் அது. அவருக்குப் பின் என் தகப்பனார் பெயருக்கும், பிறகு என் பெயருக்கும் அந்த லைசென்ஸ் மாற்றப்பட்டது. எங்களில் எவரும் அதை ஒரு முறையேனும் சுட்டதில்லை. ஆயினும் அதைப் பேணுகிற காரியத்தில் நான் கற்றுக்கொண்டவை, இத்தகைய பழைய பொருள் ஒன்றைப் பரம்பரையாகப் பெற்றிருக்கும் பிறருக்கும் உபயோகப்படலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள் இன்னது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் மாகாணத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் 1880 முதல் 1919 வரை பல மாறுதல்களுடன் செய்துவந்த முப்பத்திரண்டு போர் ரிவால்வர் வகையைச் சேர்ந்தது அது. மேற்பக்கத்துத் தாழை நெகிழ்த்தினால் குழல் முன்பக்கமாக மடிந்து, ஐந்து தோட்டா கொள்ளும் உருளை திறந்து கொள்ளும். பிடியின் இரு பக்கமும் கறுப்பு நிறக் கெட்டி ரப்பர். அதில் கம்பெனியின் முதலெழுத்துகள் பின்னிப் பிணைந்த முத்திரை. உடல் முழுவதும் நிக்கல் முலாம். ஆனால் முழுவதும் என்று சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கம்பெனியார் நிக்கல் பூசிய ரிவால்வர்களில் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு நீலக் கறுப்பு மெருகே இட்டார்கள். சுத்தியலுக்கும் விசைக்கும் எலும்புக்கரியில் இட்டுச் சுட்டதால் உண்டாகும் பல வர்ண மேகம் போன்ற மெருகைக் கொடுத்தார்கள். ஆகவே வளையமும் சுத்தியலும் கூடப் பளபளவென்று நிக்கலாக இருக்கும் ரிவால்வர் ஒன்று உங்கள் கைக்கு வருமானால், அது பிற்காலத்தில் யாரோ ஒருவரால் மறுபடி முலாம் பூசப்பட்டது என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். எங்களுடையதில் வளையம் கறுப்பாகவே இருக்கிறது. அந்தக் கறுப்பைக் காணும்போதெல்லாம் எனக்கு உள்ளூற ஒரு திருப்தி.

நிக்கல் என்னும் உலோகத்தை 1751ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து க்ரோன்ஸ்டெட் என்பவர் தனியே பிரித்தறிந்தார். ஆனால் அதை மின்சாரத்தின் உதவியால் வேறோர் உலோகத்தின்மீது படியச் செய்யும் வித்தை வியாபார அளவில் வெற்றி பெற்றது, பாஸ்டன் நகரத்து ஐசக் ஆடம்ஸ் 1869இல் தம் முறைக்கு உரிமை பெற்ற பின்புதான். அதற்குப் பிறகு அடுப்பு, சைக்கிள், தையல் இயந்திரம், வைத்தியரின் கத்தி, கைத்துப்பாக்கி எல்லாம் நிக்கலில் மின்னத் தொடங்கின. துப்பாக்கிக்கு அது வெறும் அலங்காரமாக வந்ததில்லை. அக்காலத்துக் கருமருந்து சுட்டபின் விட்டுச்செல்லும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டு இரும்பைத் தின்னும் ஸ்வபாவம் உடையது. வியர்வை பட்ட கையோ சட்டைப்பையின் புழுக்கமோ நீல மெருகைச் சீக்கிரமே அழித்துவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த தேசங்களில் வாழ்ந்தவர்கள் நிக்கலை விரும்பியதற்கு இதுவே காரணம். வெள்ளியைப் போலவும் குரோமியத்தைப் போலவும் அன்றி, லேசான மஞ்சள் சாயலோடு கூடிய ஒரு வெதுவெதுப்பான வெண்மை அதற்கு உண்டு. அந்தச் சாயல் கறையன்று. அதைத் தேய்த்துப் போக்க முயல்வது உலோகத்தையே தேய்ப்பதாகும்.

நிக்கல் பூசினால் துருப்பிடிக்காது என்பது பொதுவான அபிப்பிராயம். பாதி உண்மையான இந்த அபிப்பிராயமே பல நல்ல பொருள்கள் கெட்டதற்குக் காரணமாயிருந்திருக்கிறது. கூரைத் தகட்டின்மீதுள்ள துத்தநாகம், கீறல் விழுந்த இடத்திலும் தன்னையே முதலில் அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். நிக்கலின் குணம் இதற்கு நேர் விரோதம். இரசாயன முறையில் இரும்பைக் காட்டிலும் எளிதில் கரையாத உலோகம் ஆகையால், முலாமில் ஊசிமுனை அளவு துவாரம் விழுந்து அதன் வழியே ஈரம் இறங்குமானால், சுற்றிலுமுள்ள நிக்கல் சேதமின்றி இருக்க, அடியிலுள்ள இரும்பு மட்டும் வழக்கத்தைவிட விரைவாக அரிக்கப்பட்டு, குழி ஆழமாகிக்கொண்டே போகும். மேலே ஒரு சிறு சிவப்புப் புள்ளி தெரியும்போது உள்ளே கடுகளவு பள்ளம் உண்டாகியிருக்கும். நாளடைவில் துரு பெருத்து முலாமை மேலே தள்ள, அது கொப்புளித்துச் செதிலாக உதிரும். எனவே நிக்கல் பொருளைப் பேணுவது என்பது அந்த மெல்லிய தோலில் புதிதாகத் துவாரம் விழாமல் காப்பதும், விழுந்த துவாரங்களில் ஈரம் இறங்காமல் தடுப்பதுமே.

ஜரிகையோடு வாழ்ந்த இவ்வூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பட்டு இழையின்மீது வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றியதுதான் காஞ்சிபுரத்து அசல் ஜரிகை. அந்தப் பொன் மிக மிக மெல்லியது. பாட்டியின் கூறைப்புடவை மங்கிவிட்டதென்று எலுமிச்சம் பழமும் உப்பும் கொண்டு தேய்க்க எவளாவது முற்பட்டால், தெருவே கூடித் தடுக்கும். ஏனெனில் தேய்ப்பவள் அழுக்கை எடுக்கவில்லை, பொன்னை எடுக்கிறாள் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். பழைய புடவையை மல்துணியில் சுற்றி, வருஷத்துக்கு இரு முறை பிரித்து, மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட வைத்து, மறுபடி மடித்து வைக்கிறோமே, அந்த ஜாக்கிரதையும் பொறுமையும் நிக்கலுக்கும் வேண்டும்.

ஆனால் துப்பாக்கி என்று வந்தவுடன் நம்மவர்களுக்கு அதைச் செம்பும் பித்தளையும் போலத் துலக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. புளியும் எலுமிச்சையும் அமிலங்கள். பித்தளையின் களிம்பைக் கரைக்கும் அதே சக்தியால் முலாமின் துவாரங்களுக்குள் புகுந்து இரும்பைத் தாக்கும். புளியோடு உப்பும் சேர்ந்துவிட்டால் கெடுதல் இரட்டிப்பாகும். சாம்பலும் செங்கற்பொடியும் மென்மையாகத் தோன்றினாலும் அறுக்கும் பொருள்களே. கடையில் விற்கும் பித்தளைத் துலக்கிகளில் பலவற்றில் அராவும் தூளோடு அம்மோனியாவும் கலந்திருக்கிறது. குழலில் படியும் செம்பைக் கரைப்பதற்கென்றே செய்யப்பட்ட சில துப்பாக்கித் திரவங்களிலும் அம்மோனியா உண்டு. பல பழைய பொருள்களில் நிக்கலுக்கு அடியில் செம்பு ஒரு படலமாக இருக்கும். அம்மோனியா ஏதேனும் ஒரு கீறல் வழியே அந்தச் செம்பை அடைந்து கரைத்துவிட்டால், பிடிமானம் இழந்த நிக்கல் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். அப்படி உரிந்த ரிவால்வர் ஒன்றை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதன் சொந்தக்காரர் நல்லெண்ணத்தோடு, மிகுந்த சிரத்தையோடு, வாரந்தோறும் துலக்கி வந்தவர்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதற்கும் முன்னதாக, குழலை ஆளில்லாத திக்கை நோக்கிப் பிடித்து, தாழைத் திறந்து, ஐந்து அறைகளும் காலியாக இருக்கின்றனவா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்துவிட வேண்டும். தோட்டாக்கள் இருக்குமானால் அவை வேறு அறையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஐம்பது வருஷமாக அது காலிதான் என்று வீட்டில் எத்தனை பேர் சத்தியம் செய்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. காலியாயிருக்கிறதென்று விசையை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். நூறு வருஷத்து வில்லும் சுத்தியலின் மூக்கும் ஒடிந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது.

வெறுங்கையால் தொடாமல் பருத்திக் கையுறை அணிந்துகொள்வது உத்தமம். வியர்வையின் உப்பு விரல்ரேகையாகவே உலோகத்தில் பதிந்து, சில மாதங்களுக்குப்பின் அதே ரேகை வடிவில் மங்கல் உண்டாவதைப் பார்த்தவர்களுக்கு இதை வற்புறுத்த வேண்டியதில்லை. துவைத்துத் துவைத்துக் கஞ்சி முற்றும் நீங்கிய பழைய வேட்டித் துணியால் தூசியை ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தூசியிலுள்ள மணலே கீறிவிடும். பிறகு தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயில் சில துளிகளைத் துணியில் இட்டு, உடல் முழுவதும் தடவி, இடுக்குகளுக்கு மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷைப் பயன்படுத்தலாம். தையல் மெஷின் எண்ணெய் தாது எண்ணெய், காலத்தால் புளிக்காது. நம் முன்னோர் பூட்டுக்கும் கீலுக்கும் தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் விட்டது வேறு வழியில்லாத காலத்து ஏற்பாடு. தாவர எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடித்து, அமிலத் தன்மை அடைந்து, தூசியைச் சேர்த்துப் பிசின்போல் இறுகும். நுண்ணிய உள்யந்திரத்துக்கு அது ஆகாது.

சிவப்புப் புள்ளி தென்பட்ட இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே ஊற விட வேண்டும். பின்பு மூங்கில் சிராய் ஒன்றைக் கூராக்கி, அந்தப் புள்ளியை மட்டும் மெல்லச் சுரண்டினால் துரு இளகி வரும். கத்தியும் ஊசியும் இரும்புக் கம்பளியும் இதற்கு ஏற்றவை அல்ல. மூங்கில் நிக்கலைவிட மெத்தென்றது, துருத்தூளை எடுக்கும் அளவுக்கு உறுதியானது. கொப்புளித்திருக்கும் முலாமை நகத்தால் கிள்ளிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டாகும். அதை அடக்கிக்கொள்வது நலம். துவாரத்தில் எண்ணெய் நின்றால் போதும், ஈரம் இறங்காது.

குழலின் உட்புறத்துக்கு நிக்கல் பற்றிய கவலை இல்லை. அங்கே வெண்கலக் கம்பிப் பிரஷ்ஷை உபயோகிக்கலாம். ஆனால் குழலின் வாயில் அது உரசாதபடி உருளைப் பக்கமிருந்தே செலுத்த வேண்டும். சுடப்படாமலே வைத்திருக்கும் பொருளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய்த் துணியை இழுத்தெடுப்பதே போதுமானது. பிடியின் ரப்பர் தனி ஜாதி. கந்தகம் கலந்து சமைக்கப்பட்ட அந்த வஸ்து, வெயிலும் வெந்நீரும் பட்டால் கறுப்பு மாறிப் பழுப்பாகி, தன்னுள்ளிருந்து கந்தக அமிலத்தைக் கசியவும் தொடங்கும். அதை உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திருகுகளைப் பற்றி ஒரு வார்த்தை: வாயிடுக்குக்குப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் அவற்றைத் திருப்பி விளிம்பைச் சிதைத்தவர்கள் ஏராளம். சரியான கருவி இல்லாதவர் அவற்றைத் தொடாதிருப்பதே பொருளுக்குச் செய்யும் உபகாரம்.

கடைசியாக, எண்ணெயை முற்றிலும் ஒற்றி எடுத்துவிட்டு, மியூசியங்களில் உபயோகிக்கும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசி மெருகிடலாம். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1950களில் உருவான மெழுகு வகை இது. அமிலமில்லாதது, விரல்ரேகை பதியாதது.

எழும்பூர் மியூசியத்தில் 1930ஆம் ஆண்டிலேயே உலோகப் பொருள்களைக் காப்பதற்கென்று ஓர் இரசாயன ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டு, எஸ். பரமசிவன் என்னும் அறிஞரின் பொறுப்பில், களிம்பேறிய செப்புத் திருமேனிகள் மின்சார முறையால் மீட்கப்பட்டன என்பது நாம் பெருமை கொள்ள வேண்டிய செய்தி. ஆயினும் அதைக் கேள்விப்பட்டுவிட்டு, பேட்டரியும் சோடா உப்பு நீரும் கொண்டு வீட்டிலேயே துருவெடுக்க முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மின்சாரம் பாயும்போது உலோகத்தின் மேல் எழும் வாயு, தளர்ந்திருக்கும் முலாமை அடியோடு பெயர்த்துவிடக் கூடும். திருமேனிக்குப் பொருந்தியது முலாமுக்குப் பொருந்தாது.

நவமி பூஜைக்கு வருகிறேன். அரைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் படிகாரமும் சேர்வதுண்டு. அந்தப் பொட்டு ஓர் இரவு முழுவதும் உலோகத்தின்மீது காய்ந்து கிடக்கிறது. மறுநாள் விஜயதசமியன்று ஈரத்துணியால் துடைத்து உள்ளே வைக்கிறோம். அதன்பின் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பல வாரங்களுக்கு வெயிலே தலை காட்டாது. எங்கள் ரிவால்வரின் குழல்மேல், ஒரே இடத்தில், தலைமுறை தலைமுறையாகப் பொட்டு வைத்த இடத்தில், முலாம் வட்டமாக அரிக்கப்பட்டிருக்கிறது. பக்தி செய்த சேதம் என்று அதை நான் சொல்லமாட்டேன். பக்திக்கு வேறு இடம் காட்டினால் போதும். இதை என் அத்தையிடம் எடுத்துச் சொன்னபோது,

"சந்தனம் வெக்காம பூஜை எப்படிப்பா பூர்த்தியாவும்? உங்க தாத்தா ஒரு வருஷம் கூட வுட்டதில்லையே?" என்றார்.

"விட வேணாம் அத்தை. பெட்டி மேல வைங்க. பெட்டிக்கும் சேர்த்துத்தானே தாத்தா கும்பிட்டாரு" என்றேன்.

சிறிது நேரம் யோசித்துவிட்டுப் பெட்டியின் மூடியில் பெரிதாகவே ஒரு பொட்டு வைத்தார். அன்றுமுதல் அந்த வழக்கமே எங்கள் வீட்டுச் சம்பிரதாயமாகிவிட்டது. காலத்தைப் பொறுத்தவரையிலோ, நவமியைப் போன்ற பொருத்தமான நாள் வேறில்லை என்பேன். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அதற்குச் சில நாள்களுக்குப் பின்னரே தொடங்குகிறது. மழைக்கு முன் ஆயுதத்தை எடுத்துப் பார்த்து, துடைத்து, எண்ணெயிட்டு வைக்கும்படி பஞ்சாங்கமே நமக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தோல் உறை பார்க்க அழகாயிருக்கும். ஆனால் தோலைப் பதனிட்ட அமிலமும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைத்து, உறை உராயும் இடமெல்லாம் முலாமைக் கெடுக்கும். உறையைத் தனியே வையுங்கள். கஞ்சியற்ற மல்துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைப்பது சிறந்தது. ஜெல்லின் நிறம் மாறினால் சுட வைத்து ஈரம் போக்கி மறுபடி உபயோகிக்கலாம். அந்துருண்டையைப் பக்கத்தில் அண்டவிட வேண்டாம். ஜரிகைப் புடவைக்கு ஆகாதது இதற்கும் ஆகாது.

நம் சிரத்தை முழுவதையும் மீறிச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் சோதனை ஒன்று உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பொது அமைதிக்காகச் செய்யப்படும் அந்த ஏற்பாட்டை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு தடவை எங்கள் ரிவால்வர் திரும்பி வந்தபோது, சணல் கயிற்றால் கட்டிய சீட்டின் ஈரம் பட்டு உருளையில் நீண்ட கோடாக மங்கல் படிந்திருந்தது. அதற்குப்பின் ஒப்படைப்பதற்கு முன்பே மெழுகு பூசி, மெழுகுத் தாளில் சுற்றி, எண்ணைக் குறித்த சீட்டை வெளியுறையில் கட்டிக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ளும் காவலர்கள் எவரும் இதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

இனி, இந்தக் கட்டுரையில் நான் எதைக் காட்டிலும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். முலாம் தேய்ந்த பழைய ரிவால்வரைக் கண்டதும், "கொடுத்துப் பாலீஷ் போட்டு நிக்கல் ஏத்திடுங்க, புதுசாயிடும்" என்று யோசனை சொல்பவர்கள் நிறையப் பேர். மறுமுலாம் பூசுவதற்கு முன் உலோகத்தைச் சக்கரத்தில் அராவித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் கூரான விளிம்புகள் மழுங்கும். குழலின்மீது பொறித்த கம்பெனியின் பெயரும் உரிமை பெற்ற தேதிகளும் கரையும். பிடியின் அடியிலுள்ள எண் மங்கும். எண் மங்குவது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. அழகுபடுத்தப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வதைப் போன்ற வீண் துன்பம் வேறில்லை.

ஓர் எண்ணின் அருமைக்குச் சமீபத்திய சரித்திரமே சாட்சி. 1928 டிசம்பர் 17ஆம் தேதி லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் கொல்லப்பட்ட சம்பவத்தில் பகத் சிங் உபயோகித்த முப்பத்திரண்டு போர் கோல்ட் பிஸ்டல், நெடுங்காலம் இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளியில், எவரும் அடையாளம் அறியாமல் மற்ற ஆயுதங்களோடு ஒன்றாகக் கிடந்தது. துருப்பிடிக்காதிருக்க அங்கிருந்த ஆயுதங்கள் பலவற்றின்மீது கறுப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். பிற்காலத்தில் அந்த வர்ணத்தை ஜாக்கிரதையாக அகற்றிப் பார்த்தபோது 168896 என்னும் எண் வெளிப்பட்டது; வழக்கின் ஆவணங்களில் கண்ட எண்ணும் அதுவே. 2017இல் அந்தப் பிஸ்டல் பஞ்சாபில், பகத் சிங்கின் நினைவிடம் அமைந்த ஹுசைனிவாலாவுக்கு அனுப்பப்பட்டது. வர்ணம் பூசியவர் செய்தது அழகான வேலையன்று. ஆனால் அவர் அதைச் சக்கரத்தில் தேய்க்கவில்லை. அராவி, பளபளப்பாக்கி, குரோமியம் ஏற்றியிருந்தால் அது இன்று பெயரற்ற ஒரு பழைய இரும்பு. திரும்ப எடுக்கக்கூடிய எதையும் ஒரு பொருளின்மீது செய்யலாம், திரும்பப் பெற முடியாத எதையும் செய்யக் கூடாது என்ற மியூசியக்காரர்களின் கொள்கையை இதைவிட நன்றாக எனக்கு உணர்த்திய சம்பவம் வேறில்லை. எங்கள் ரிவால்வரில் சந்தனப் பொட்டு அரித்த அந்த வட்டத்தை நான் அப்படியே விட்டிருக்கிறேன். எண்ணெயும் மெழுகும் தவிர அதன்மேல் எதுவும் படாது.

உங்கள் வீட்டுப் பரணிலோ பாட்டனாரின் பெட்டியிலோ இத்தகைய பொருள் ஏதேனும் இருக்குமானால், சுத்தம் செய்ய உட்காருவதற்கு முன் அதன் லைசென்ஸைத் தேடி எடுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸின் காலம் ஐந்து வருஷம். பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸ் பெற்றவர் காலமாகிவிட்டால், வாரிசு தம் பெயருக்கு விண்ணப்பித்து அனுமதி பெறும்வரை பொருளைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது எண்ணையும், முலாமின் நிலையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். திரும்பக் கைக்கு வந்தபின், முலாம் கடைக்கு மட்டும் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள்.